புதிய என்எச்எல் பருவத்துக்கு முன் உங்கள் அணியை எடைபோடுவது எப்படி?

செப்டெம்பர் நடுப்பகுதியில் வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கான என்எச்எல் அணிகளின் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிட்டால், ஐஸ் ஹொக்கி ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சாகத்தான் இருக்கும்: இந்தப் பருவம் எங்கள் அணி எதுவரை போகும்? ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்காக வாதாடுவார்கள். மொன்றியலில் இருந்து வந்த உறவினர் கனேடியன்ஸின் இளம் வீரர்களைச் சொல்லி மறுப்பார். "எங்களுக்கு ஒரு நல்ல கோலி மட்டும் கிடைத்தால் போதும், அண்ணை" என்று ஒருவர் கோல் காப்பாளரை நினைத்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பேச்சின் சுவையைக் கெடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் பெரும்பாலான கணிப்புகள் சென்ற ஆண்டின் புள்ளிப் பட்டியலையும் கோடையில் வந்து சேர்ந்த ஒரு பெரிய பெயரையும் மட்டுமே நம்பி எழுகின்றன. நிதானமாக எடைபோட விரும்புகிறவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி வேறு: சென்ற பருவத்தில் அணி பெற்ற புள்ளிகள் எந்த வழியில் வந்தன, அந்த வழி மறுபடியும் வருமா?

இலக்கை வரையறுத்தல்

"நல்ல பருவம்" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எத்தனை புள்ளிகள் என்று சொல்லிப் பழகுங்கள். லீக்கில் 32 அணிகள் ஆடுகின்றன. அவற்றுள் 16 அணிகள் ஸ்டான்லி கிண்ணத்துக்கான பிளேஓஃப் என்னும் வெளியேற்றுச் சுற்றுக்குச் செல்கின்றன. நான்கு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களைப் பெறும் அணிகள் நேரடியாக நுழைய, கிழக்கிலும் மேற்கிலும் எஞ்சிய அணிகளுள் மிகுந்த புள்ளி பெற்ற இரண்டிரண்டு அணிகளுக்கு வைல்ட் கார்ட் இடம் கிடைக்கிறது. 2025-26 வரை ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடியது. 2026-27 முதல் அது 84 ஆகிறது. வெற்றிக்கு 2 புள்ளிகள். மேலதிக நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்ற அணிக்கும் 1 புள்ளி உண்டு.

அந்த ஒற்றைப் புள்ளி புள்ளிப் பட்டியலை நெருக்கமாக்கிக் காட்டுகிறது. நவம்பரில் தன் அணி நான்கு புள்ளிகள்தானே பின்தங்கியிருக்கிறது என்று ஆறுதலடையும் ரசிகர், இடையில் நிற்கும் ஐந்து அணிகளும் தம்முள் ஆடும்போது மூன்று மூன்று புள்ளிகளாகப் பகிர்ந்துகொண்டு முன்னேறும் என்பதை மறந்துவிடுகிறார்.

நுழைவுக்கு வேண்டிய புள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டும் கிழக்குக்கும் மேற்குக்கும் வேறுபடுகின்றன. கிழக்கில் 2022-23 இல் புளோரிடா 92 புள்ளிகளுடனும், 2023-24 இல் வொஷிங்டன் 91 புள்ளிகளுடனும், 2024-25 இல் மொன்றியல் 91 புள்ளிகளுடனும் உள்ளே வந்தன. மேற்கிலோ 2024-25 இல் செயின்ட் லூயிஸும் கல்கரியும் 96 புள்ளிகளில் சமமாக முடித்தும், வழக்கமான 60 நிமிடங்களுக்குள் பெற்ற வெற்றிகள் குறைவு என்பதால் கல்கரி வீட்டுக்குப் போனது. எனவே 82 ஆட்டப் பருவத்துக்கு 95 புள்ளிகளைத் தோராயமான கோடாக வைத்துக்கொள்ளலாம். 84 ஆட்டங்களுக்கு இரண்டு புள்ளிகள் கூட்டிக்கொள்ளுங்கள்.

பருவப் புள்ளிகளையும் ஸ்டான்லி கிண்ணத்தையும் ஒரே கணிப்பில் கலக்காதீர்கள். 2018-19 இல் 128 புள்ளிகள் பெற்ற டம்பா பே முதற்சுற்றில் கொலம்பஸிடம் நான்கு ஆட்டங்களையும் தொடர்ச்சியாகத் தோற்றது. 2022-23 இல் 135 புள்ளிகளுடன் லீக் சாதனை படைத்த பொஸ்டன், 92 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் நுழைந்த புளோரிடாவிடம் முதற்சுற்றிலேயே ஏழாவது ஆட்டத்தில் வீழ்ந்தது. லீஃப்ஸ் ரசிகருக்கு இதை விளக்கத் தேவையில்லை: 2017 முதல் 2025 வரை அணி ஆண்டு தவறாமல் பிளேஓஃபுக்குச் சென்றது, வென்ற தொடர்களோ 2023 இலும் 2025 இலும் ஒவ்வொன்று மட்டுமே. 82 ஆட்டங்களின் போக்கை ஓரளவு அளக்கலாம். ஏழு ஆட்டத் தொடரை அளப்பதாகச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

புள்ளிகள் வந்த வழி

இந்த வேலையில் நேரத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், முக்கால் பங்கை இந்தப் பகுதிக்கே கொடுங்கள் என்பேன்.

ஓர் அணியின் ஆட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து நிற்கும் இயல்புகள் சில உண்டு. அலைபோல ஏறி இறங்குபவையும் உண்டு. பக் எனப்படும் ரப்பர் வட்டு யாருடைய கட்டுப்பாட்டில் அதிக நேரம் இருக்கிறது, எந்த முனையில் ஆட்டம் நடக்கிறது என்பது முதல் வகை. இதை அளக்க, ஐவருக்கு ஐவர் ஆடும் நேரத்தில் இரு அணிகளும் கோலை நோக்கி அடித்த எல்லா அடிகளையும், தடுக்கப்பட்டவை, விலகிப்போனவை உட்பட எண்ணி, அதில் நம் அணியின் பங்கு எத்தனை விழுக்காடு என்று பார்க்கிறார்கள். கோர்சி என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலான அணிகள் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்கும். அடி எந்த இடத்திலிருந்து, எந்த விதமாக வந்தது என்பதற்கேற்ப எடையிட்டுக் கணக்கிடும் "எதிர்பார்க்கத்தக்க கோல்கள்" என்ற அளவு இன்னும் நுட்பமானது. இரண்டையும் நச்சுரல் ஸ்டாட் ட்ரிக், மணிபக் ஆகிய தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கி ஆடுவது வழக்கமாதலால், ஆட்ட நிலவரத்துக்கேற்பத் திருத்திய எண்களைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் வகையில் வருபவை இரண்டு விகிதங்கள்: நம் அடிகளில் எத்தனை விழுக்காடு கோலாகிறது, எதிரணி அடிகளில் எத்தனை விழுக்காட்டை நம் கோலி தடுக்கிறார். இந்த இரண்டையும் கூட்டினால் லீக் முழுவதற்கும் சராசரி 100 வரும். ஓர் அணிக்கு 102 அல்லது 103 வந்திருந்தால் அதன் புள்ளிகளில் ஒரு பகுதி கடன் வாங்கியது என்று வையுங்கள். 97 அல்லது 98 வந்திருந்தால் அந்த அணி பட்டியல் காட்டியதைவிடச் சற்று மேலானதாக இருக்கக்கூடும். விகிதம் சிறிதாகத் தோன்றுவதால் ஏமாற வேண்டாம். ஐவருக்கு ஐவர் ஆட்டத்தில் ஓர் அணி ஒரு பருவத்தில் கோல்மீது அடிப்பவை ஏறத்தாழ 2,000. எனவே ஒரு விழுக்காடு என்பது 20 கோல்கள். ஆறு கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது நீண்டகாலமாகப் பயன்பட்டு வரும் கைக்கணக்கு. அப்படியானால் 20 கோல்கள் ஆறு ஏழு புள்ளிகள். உள்ளே வருவதற்கும் வெளியே நிற்பதற்கும் இடைப்பட்ட தூரமே பல ஆண்டுகளில் அவ்வளவுதான்.

சியாட்டில் கிராக்கன் இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. லீக்கில் சேர்ந்த முதற்பருவமான 2021-22 இல் அந்த அணி 60 புள்ளிகள் மட்டுமே பெற்றது; அவ்வாண்டு முதன்மைக் கோலி பிலிப் குருபௌவரின் தடுப்பு விகிதம் 0.889 (அதாவது 88.9 விழுக்காடு). அடுத்த ஆண்டு 100 புள்ளிகள். முதற்சுற்றில் நடப்புச் சாம்பியனான கொலராடோவையே வென்றது. 2023-24 பருவம் தொடங்கும் முன் ரசிகர்கள் மேலே பார்த்தது இயல்பு. ஆனால் அந்த 100 புள்ளிகளுக்குப் பின்னால் லீக்கின் உச்சத்தை ஒட்டிய கோலாகும் விகிதம் இருந்தது. ஜேரட் மெக்கேன் 40 கோல்கள் அடித்தார். முதலாண்டு வீரரான மாட்டி பெனியர்ஸ் 24 அடித்தார். 2023-24 இல் மெக்கேன் 29, பெனியர்ஸ் 15. அணி 81 புள்ளிகளில் முடிந்தது. வீரர்கள் மோசமாகிவிடவில்லை. முந்தைய ஆண்டு உள்ளே போன பக் இந்த ஆண்டு கம்பத்தில் பட்டது, கோலியின் கையுறைக்குள் சென்றது.

அதே 2022-23 இல் கல்கரி ஃபிளேம்ஸ் எதிர்த்திசையில் நின்றது. அடிப் பங்கில் லீக்கின் மேல்வரிசையில் இருந்தும், 38 வெற்றி, 27 தோல்வி, மேலதிக நேரத்திலும் ஷூட்அவுட்டிலும் 17 தோல்வி என 93 புள்ளிகளோடு பிளேஓஃபைத் தவறவிட்டது. எண்களைப் படித்தவர்கள் அடுத்த ஆண்டு கல்கரி எழும் என்றார்கள்; தர்க்கம் சரியானது. அணியோ 2023-24 இல், கிராக்கன் பெற்ற அதே 81 புள்ளிகளோடு நின்றது. பருவத்துக்கு முன்பே டைலர் டொஃபோலி போனார்; பருவத்தின் நடுவில் எலியாஸ் லின்ட்ஹோம், கிறிஸ் டனெவ், நோவா ஹனிஃபின் ஆகியோரும் ஒருவர் பின் ஒருவராகப் பரிமாறப்பட்டார்கள். விகிதங்கள் சராசரிக்குத் திரும்பும் என்ற எதிர்பார்ப்பு, அதே வீரர்கள் அங்கே இருந்தால்தான் பொருள்படும். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் வீரர் உங்கள் அணியில் எத்தனை பேர் என்பதை, அதனால்தான், இந்த எண்களுக்குப் பக்கத்திலேயே குறித்துவைக்கச் சொல்கிறேன்.

ரொறன்ரோவில் இந்தப் பாடம் கசப்பாகவே படிக்கப்பட்டது. அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் 48 ஆட்டங்களாகச் சுருங்கிய 2012-13 இல் லீஃப்ஸ் 2004 க்குப் பின் முதன்முறையாகப் பிளேஓஃபுக்குச் சென்றது. பொஸ்டனுடனான ஏழாவது ஆட்டத்தில் மூன்றாம் பகுதியில் 4-1 என முன்னிலையில் இருந்தும் தோற்றதை மறந்தவர் இருக்க முடியாது. அந்தப் பருவத்தில் அணியின் அடிப் பங்கு லீக்கின் அடிமட்டத்தில் இருந்தது, கோலாகும் விகிதமோ மிக உயரத்தில். இது நிலைக்காது என்று சொன்னவர்களுக்கு அப்போது நல்ல பெயர் கிடைக்கவில்லை. அடுத்த பருவம் 84 புள்ளிகளோடு முடிந்து, அணி வெளியே நின்றது; 2014 கோடையில் நிர்வாகம் புள்ளிவிவர ஆய்வுக்கு ஆட்களைச் சேர்த்தது.

கோலி என்னும் புதிர்

கோலியைப் பற்றிப் பேசும்போது பெயரைவிட எண்ணை முன்வையுங்கள், எண்ணையும் மூன்று பருவங்களுக்குச் சேர்த்தே பாருங்கள். லீக் சராசரித் தடுப்பு விகிதம் அண்மை ஆண்டுகளில் 0.900 அளவுக்கு இறங்கியுள்ளது. பத்து ஆண்டுகளுக்கு முன் அது 0.915 ஆக இருந்தது. ஆகவே பழைய நினைவில் "0.905 தானே" என்று ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது.

கல்கரியின் ஜேக்கப் மார்க்ஸ்ட்ரோம் 2021-22 இல் 0.922 பெற்றார், அணி 111 புள்ளிகளோடு பசிபிக் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த பருவம் அவருடைய விகிதம் 0.892. ஒரு முதன்மைக் கோலி பருவம் முழுவதும் எதிர்கொள்வது ஏறத்தாழ 1,600 அடிகள் என்று கொண்டால், அந்த 0.030 வித்தியாசம் 48 கோல்கள், எட்டு வெற்றிகள், 16 புள்ளிகள். கல்கரி இழந்தது 18 புள்ளிகள். முன்னணி முன்கள வீரர்களான ஜானி கோட்ரோவும் மத்தியூ கச்சக்கும் போனதே காரணம் என்று அன்று எல்லோரும் பேசினார்கள். பெரும்பங்கு தம் கண்ணுக்கு எதிரே, வலைக்கு முன்னால் நடந்தது.

ஒரே ஆண்டில் திடீரென உயர்ந்த கோலியின் எண்ணைப் பாதியாக நம்புங்கள். கொனர் ஹெலபக் போல ஆண்டுக்கு ஆண்டு சராசரிக்கு மேலே நிற்பவர் விதிவிலக்கு. 2024-25 இல் அவர் 0.925 பெற்று வின்னிபெக்கை 116 புள்ளிகளுக்குக் கொண்டுசென்றார். அவரே அந்த வசந்தத்தில் செயின்ட் லூயிஸுக்கு எதிரான தொடரில் மூன்று முறை ஆட்ட நடுவே வெளியே எடுக்கப்பட்டார் என்பது, பிளேஓஃபைப் பற்றி மேலே சொன்னதற்கு இன்னொரு சான்று. இரண்டாம் கோலியையும் மறக்காதீர்கள். முதன்மைக் கோலிகள் 60 ஆட்டங்களைத் தாண்டுவது அரிதாகிவிட்டதால், இருபது ஆட்டங்களுக்கு மேல் யாரோ ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

கோடையில் வந்தவரும் போனவரும்

ஜூலை 1 அன்று ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு அணிகளோடு சேரத் தொடங்குகிறார்கள். கணிப்புகள் தடம்புரளும் நாளும் அதுவே. வந்தவர்களின் சென்ற ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டி, போனவர்களின் புள்ளிகளைக் கழித்துப் பார்ப்பது பொதுவான பழக்கம். அதை விடுங்கள். நிமிடங்களைக் கணக்கிடுங்கள்.

மிட்ச் மார்னரை எடுத்துக்கொள்வோம். 2024-25 இல் 102 புள்ளிகள் (வீரருக்கு இது அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த எண்) எடுத்த அவர் 2025 கோடையில் வேகாஸுக்குச் சென்றார். ரொறன்ரோவுக்கு நிக்கொலா ருவா வந்தார், மத்தியாஸ் மச்செல்லியும் டகோட்டா ஜோஷுவாவும் தனித்தனிப் பரிமாற்றங்களில் சேர்ந்தார்கள். மூவரின் புள்ளிகளையும் கூட்டினால் ஓரளவு ஈடாகும் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் மார்னர் ஆடியது மூன்று முன்கள வீரர் கொண்ட முதல் வரிசையிலும், எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயிலும் மட்டுமல்ல. தம் அணி ஓர் ஆள் குறைந்து ஆடும் நேரத்திலும் அவரே இறங்கினார். அந்த நிமிடங்களை எந்த வரிசையிலிருந்து யார் மேலேறி நிரப்புவார், அவர் விட்டுவந்த இடத்தை யார் நிரப்புவார் என்று நான்காம் வரிசைவரை பென்சிலால் எழுதிப் பார்த்தால்தான் இழப்பின் உண்மையான அளவு தெரியும். ஆட்டநாளில் களம் காண்பவர்கள் 12 முன்கள வீரர்கள், 6 பின்கள வீரர்கள், 2 கோலிகள். ஒரு தாளின் பாதிப் பக்கம் போதும்.

தனி வீரருக்கும் கோலாகும் விகிதத்தைப் பாருங்கள். வில்லியம் கார்ல்சன் 2016-17 இல் 6 கோல்கள் அடித்தவர். வேகாஸின் முதற்பருவமான 2017-18 இல் அவருடைய அடிகளில் 23 விழுக்காட்டுக்கு மேல் கோலாகி 43 கோல்கள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு 24. ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்த விகிதத்தில் கோலடிக்கும் லியோன் ட்ரைசைட்டில் போன்றோர் மிகச் சிலரே. உங்கள் அணியின் மூன்றாம் வரிசை வீரர் அவர்களில் ஒருவராக இருக்க வாய்ப்பில்லை.

வயதை ஒரு பத்தியாவது எழுதுங்கள். முன்கள வீரர்களின் கோலடிக்கும் திறன் பொதுவாக இருபதுகளின் நடுப்பகுதியில் உச்சம் தொட்டு, முப்பதைக் கடந்தபின் சரிகிறது. 39 வயதில் 44 கோல்கள் அடித்து, 2025 ஏப்ரல் 6 அன்று வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டிய அலெக்ஸ் ஓவெச்கினைக் காட்டி மறுப்பவர் இருப்பார். அப்படி ஒருவரே இருப்பதால்தான் அவர் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். 2013 கோடையில் லீஃப்ஸ், 29 வயதான டேவிட் கிளார்க்சனோடு 7 ஆண்டுகளுக்கு 36.75 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. முதற்பருவத்தில் அவர் அடித்தவை 5 கோல்கள். 2015 தொடக்கத்தில் அவர் கொலம்பஸுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்.

இளம் வீரர்கள் விடயத்தில் பொறுமை வேண்டும். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் முதலிடத்தில் தேர்வான மெக்லின் செலப்ரினி, பதினெட்டு வயதில் 70 ஆட்டங்களில் 63 புள்ளிகள் எடுத்து வியக்க வைத்தார். சான் ஹோசே அந்தப் பருவத்தை 52 புள்ளிகளோடு லீக்கின் கடைசி இடத்தில் முடித்தது. ஒரு பிள்ளையால் ஓர் அணியைத் தூக்க முடியாது. மாறாக, ஏற்கெனவே மூன்று நான்கு பருவங்கள் ஆடி 21 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்கள் பலர் ஒன்றாக இருக்கும் அணியைக் கவனியுங்கள். கொலராடோ 2016-17 இல் 48 புள்ளிகளோடு பாதாளத்தில் கிடந்து, அதே பயிற்றுநர் ஜேரட் பெட்னரின் கீழ் அடுத்த ஆண்டே 95 புள்ளிகளுக்கு எழுந்தபோது, 22 வயதான நேதன் மக்கினன் 53 புள்ளிகளிலிருந்து 97 க்குத் தாவியிருந்தார்.

பணம், காயம், பயணம்

ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு 2024-25 இல் 88 மில்லியன் டொலராக இருந்து 2025-26 இல் 95.5 மில்லியனாக உயர்ந்தது. 2026-27 க்கு 104, 2027-28 க்கு 113.5 என அறிவிக்கப்பட்டது. வரம்பு வேகமாக உயரும் காலத்தில், பழைய விலையில் நீண்ட ஒப்பந்தம் செய்துவைத்திருக்கும் அணிக்கு ஆதாயம். உங்கள் அணியின் நிலையைப் பக்பீடியா தளத்தில் பாருங்கள். (முன்பு எல்லோரும் பயன்படுத்திய கேப்ஃபிரெண்ட்லியை 2024 இல் வொஷிங்டன் அணி வாங்கி மூடிவிட்டது, ரசிகர்கள் இன்னும் அதை மன்னிக்கவில்லை.) பருவ நடுவில் ஒருவரைச் சேர்க்க எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

காயப் பட்டியலில் ஒருவரை வைத்து வரம்பைத் தாண்டிச் செலவழித்து, பிளேஓஃபில் அவரைத் திரும்ப இறக்கும் உத்தி முன்பு பலித்தது. 2020-21 இல் டம்பாவின் நிகிதா குச்செரோவ் பருவம் முழுவதும் ஆடாமல் இருந்து, பிளேஓஃபில் 32 புள்ளிகள் எடுத்துக் கிண்ணம் வென்றார். 2025-26 முதல் பிளேஓஃபில் களமிறங்கும் அணிக்கும் உச்சவரம்பு உண்டு என்பதால், அந்தக் கதையை வைத்து இனிக் கணிக்க முடியாது.

காயங்களை முன்கூட்டிச் சொல்ல எவராலும் ஆகாது, ஆனால் எல்லோரும் நலமாக 82 ஆட்டங்களும் ஆடுவார்கள் என்று எண்ணுவதும் கணிப்பாகாது. ஓஸ்டன் மத்தியூஸ் 2023-24 இல் 69 கோல்கள் அடித்தார். அடுத்த பருவம் காயத்தோடு 67 ஆட்டங்களில் 33. உங்கள் முதல் வரிசையிலிருந்து ஒருவரை 15 ஆட்டங்களுக்கு மனத்தளவில் நீக்கிப் பாருங்கள். அணி அப்போதும் தாங்கினால் அதற்கு ஆழம் உண்டு.

அட்டவணையில் அடுத்தடுத்த இரவுகளில் ஆடும் ஆட்டங்கள் எத்தனை, நீண்ட வெளியூர்ப் பயணங்கள் எந்த மாதத்தில் என்று பார்த்தால் போதும். முன்பருவ ஆட்டங்களின் முடிவுகளைப் பார்க்கவே வேண்டாம். பாதிப்பேர் சிறிய லீக்குக்குத் திரும்பப் போகிறவர்கள்.

எல்லாவற்றையும் ஒரு எண்ணாக்குதல்

சென்ற ஆண்டுப் புள்ளியில் தொடங்குங்கள். அந்த இரு விகிதங்களின் கூட்டுத்தொகை 100 இலிருந்து விலகியிருந்தால், ஒரு விழுக்காட்டுக்கு ஆறு ஏழு புள்ளிகள் என்ற கணக்கில் பாதியளவாவது திருத்துங்கள். முழுவதும் திருத்தினால் தவறு, ஏனெனில் திறமையான கோலியும் கூர்மையான அடிப்பவர்களும் ஓரளவு உண்மையாகவே சராசரிக்கு மேல் நிற்பார்கள். பிறகு வந்தவர், போனவர், வயது ஆகியவற்றுக்காகச் சில புள்ளிகளைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். பத்துக்கு மேல் கூட்ட நேர்ந்தால், நிறுத்தி, காரணத்தை இன்னொருவருக்கு உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

கிடைத்த எண்ணை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், மேலும் கீழும் எட்டுப் புள்ளிகள் விட்டு ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். "98 புள்ளி" என்பவரைவிட "90 முதல் 106 வரை, நடுவில் 98" என்பவரோடு பேசுவதில் பயன் அதிகம். அந்த வீச்சுக்குள் 95 (84 ஆட்டங்களுக்கு 97) என்ற கோடு எங்கே விழுகிறது என்பதே உங்கள் அணியின் வாய்ப்பு. செப்டெம்பரில் பந்தய நிறுவனங்கள் ஒவ்வோர் அணிக்கும் வெளியிடும் புள்ளி எதிர்பார்ப்பையும் ஒப்பிடலாம். பணம் கட்டுவதற்காக அன்று. உங்கள் கணிப்பு அதிலிருந்து பத்துப் புள்ளி விலகியிருந்தால், மற்றவர்கள் பார்க்காத எதையோ நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது அணிமீது வைத்த ஆசை கணக்குக்குள் புகுந்திருக்க வேண்டும்.

நண்பர்களோடு வாதிடும்போது ஒரு கேள்வி எப்போதும் உதவும். எங்கள் அணி இந்த முறை நுழையும் என்று ஒருவர் சொன்னால், சென்ற ஆண்டு நுழைந்த அணிகளுள் எது வெளியேறும் என்று கேளுங்கள். 16 இடங்கள்தான் உள்ளன. வழக்கமாக நான்கைந்து அணிகள் மாறுகின்றன. ஒட்டாவா, டெட்ரோயிட், பஃபலோ, மொன்றியல் நான்கும் முன்னேறும் என்று ஒரே மூச்சில் சொல்பவர், அட்லான்டிக் பிரிவில் சறுக்கப் போவது யார் என்று சொல்லியாக வேண்டும். யாரும் எதிர்பாராத அணி சறுக்குவதும் உண்டு: 2023-24 இல் 109 புள்ளிகள் பெற்ற பொஸ்டன் அடுத்த ஆண்டு 76 இல் முடிந்தது.

பேசியதை முதல் ஆட்டத்துக்கு முன் எழுதிவையுங்கள், காரணத்தோடு. எழுதாத கணிப்பு ஏப்ரலில் தானாகவே சரியாகிவிடும்.

பருவம் தொடங்கிய பின்

ஒக்டோபரில் கணிப்பை மாற்ற வேண்டாம். பத்து ஆட்டங்களில் மூன்று கோலிகள் நன்றாக நின்றாலே புள்ளிப் பட்டியல் தலைகீழாகிவிடும். அமெரிக்க நன்றி தெரிவிக்கும் நாளான நவம்பர் நான்காம் வியாழன்தான் முதற்சோதனைக்கு ஏற்ற நாள். அன்று பிளேஓஃப் இடத்தில் இருக்கும் அணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடைசியில் உள்ளே வருகின்றன என்பது சம்பள வரம்புக் காலத்தின் அனுபவம். அப்போதும் புள்ளிகளை மட்டும் பார்க்காமல், தொடக்கத்தில் சொன்ன அடிப் பங்கையும் இரு விகிதங்களையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். அடிப் பங்கு உயர்ந்து புள்ளி குறைந்திருந்தால் பொறுத்திருங்கள்; இரண்டும் குறைந்திருந்தால் உங்கள் எண்ணைத் திருத்துங்கள்.

பயிற்றுநர் மாறினால் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். 2018 நவம்பரில் செயின்ட் லூயிஸ் கிரெய்க் பெருபேயை இடைக்காலப் பயிற்றுநராக்கியது. 2019 ஜனவரி 3 காலையில் அந்த அணி 31 அணிகளுள் கடைசி இடத்தில் இருந்தது. ஜூனில் கிண்ணத்தை வென்றது. ஜனவரியில் கோலுக்கு முன் நிறுத்தப்பட்ட முதலாண்டு வீரர் ஜோர்டன் பின்னிங்டனின் பெயர் எந்த முன்கணிப்பிலும் இருந்ததில்லை. இந்தக் கதை ஒவ்வோர் ஆண்டும் கடைசி இடத்தில் கிடக்கும் அணியின் ரசிகரால் சொல்லப்படும். அவரிடம் அந்த அணியின் அடிப் பங்கு என்னவென்று கேளுங்கள். பெருபே வந்தபின் செயின்ட் லூயிஸின் பங்கு புள்ளிகளுக்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. உங்கள் நண்பரின் அணியிலும் அப்படி ஏறியிருந்தால் அவர் பேச்சைக் கேட்கலாம். இல்லையென்றால் ட்ராஃப்ட் பற்றிப் பேசத் தொடங்கிவிடுங்கள்.